பல் முளைத்த பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மூத்தவளுக்கு எட்டாம் மாதம். மேல்வரிசையில் இரண்டு பல் எட்டிப் பார்த்த வாரம் அது. ஒரு நாள் ராத்திரி அவள் கடித்த கடியில் நான் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன், வீடே விழித்துக்கொண்டது, விடிந்ததும் ஆளாளுக்கு "பல் வந்தாச்சு, இனி மறக்கடிச்சிரு" என்றார்கள், நானும் மறக்கடித்துவிட்டேன். அதற்கப்புறம் ராத்திரிகளில் என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததும், எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்து படுத்ததும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இளையவன் அவளைவிடப் பலமாகக் கடித்தான். ஆனால் அதற்குள் எங்கள் தெருவில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா எனக்குச் சில விஷயங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார், அதனால் அவன் இரண்டே கால் வயது வரை குடித்தான். அந்த இரண்டு அனுபவத்தையும், டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என்னிடம் மற்ற அம்மாக்கள் கேட்ட கேள்விகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

பல் வந்துவிட்டால் பாலை நிறுத்தத்தான் வேண்டுமா?

வேண்டாம். பல்லுக்கும் பாலை நிறுத்துவதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறாம் மாதத்தை ஒட்டி முதல் பல் வரும். சிலருக்கு நாலாம் மாதமே வந்துவிடும், சிலர் ஒரு வயது தாண்டியும் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். பல்லை வைத்து முடிவு செய்வதென்றால் ஒரு பிள்ளைக்கு நாலு மாதத்தில் நிறுத்த வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றே கால் வயதில் நிறுத்த வேண்டும். இரண்டு பிள்ளைக்கும் தேவை ஒன்றுதானே? பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு, சுமார் 2000 முதல் 3000 பிறப்புக்கு ஒன்று என்று சொல்கிறார்கள். அந்தக் குழந்தைகளும் தாய்ப்பால்தான் குடிக்கின்றன. (அப்படிப்பட்ட பல் ஆடினாலோ, நாக்கின் அடியில் உரசிப் புண்ணாக்கினாலோ பல் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.)

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு இணை உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால். பால் பற்கள் மொத்தம் 20, அவை முழுசாக வந்து முடிய இரண்டரை, மூன்று வயதாகும். ஆக, பால் குடிக்கும் காலமும் பல் முளைக்கும் காலமும் ஒன்றாகவே ஓடுகின்றன. பால் பல் என்றே நாம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் முதல் பல் வந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி நறுக்கிக் கொழுக்கட்டையில் பதித்து, பிள்ளையை நடுவில் உட்கார வைத்துத் தலைக்கு மேலே இருந்து உதிர்ப்பார்கள். பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். பல்லை அப்படித்தான் வரவேற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் குடிக்கும்போது பல் குத்தாதா?

ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையால் கடிக்க முடியாது. இதை நான் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை, அதனால் இப்போதே நீங்களே செய்து பாருங்கள். நாக்கைக் கீழ்ப்பல்லுக்கு மேலே கொண்டுவந்து கீழுதடு வரை நீட்டிக்கொள்ளுங்கள். இப்போது பல்லைக் கடியுங்கள். உங்கள் நாக்கைத்தானே கடிக்கிறீர்கள்?

பால் குடிக்கும் பிள்ளையின் நாக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கீழ் ஈறைத் தாண்டி வெளியே வந்து, காம்பையும் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொள்கிறது. காம்பு வாய்க்குள் நன்றாகப் பின்னால், மேலண்ணத்தின் மெத்தென்ற பகுதி வரைக்கும் போய்விடும். முதலில் முளைக்கும் கீழ்ப்பற்கள் நாக்குக்கு அடியில் மூடிக் கிடக்கும். கடிக்க வேண்டுமென்றால் பிள்ளை முதலில் நாக்கை உள்ளே இழுக்க வேண்டும், நாக்கை இழுத்தால் சப்புவது நின்றுவிடும். அதாவது கடிக்கும் நேரத்தில் பிள்ளை குடித்துக்கொண்டிருக்கவில்லை. நர்ஸ் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது இது ஒன்றுதான். மற்ற எல்லாம் இதிலிருந்து வந்தவை.

அப்படியானால் ஏன் கடிக்கிறது? வேண்டுமென்றே செய்கிறதா?

ஏழெட்டு மாதப் பிள்ளைக்கு அம்மாவை வலிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. தன் வாயில் இருப்பது அம்மாவின் உடம்பு, அதற்கு வலிக்கும் என்பதே அதற்குத் தெரியாது. ஆனால் காரணம் ஏதாவது ஒன்று இருக்கும், கொஞ்சம் கவனித்தால் பிடித்துவிடலாம்.

வயிறு நிறைந்துவிட்டது, இன்னும் வாயில் காம்பு இருக்கிறது, சும்மா மென்று பார்க்கிறது. நான் பார்த்தவரை கடியில் பாதிக்கு மேல் இதுதான்.

தூக்கம். குடித்துக்கொண்டே கண் சொக்கும்போது காம்பு மெல்ல வழுக்கி வாயின் முன்பக்கம் வந்துவிடும், நழுவுகிறதே என்று பிள்ளை தூக்கத்திலேயே லபக்கென்று கவ்விப் பிடிக்கும். என் மூத்தவள் அன்றைக்குக் கடித்தது இப்படித்தான் என்று இப்போது புரிகிறது. நானும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஈறு வீங்கி நமநமவென்று அரிப்பது இன்னொரு காரணம். பல் வெளியே வருவதற்கு முந்தைய சில நாள்தான் இது அதிகம், அதனால் பல்லே இல்லாத பிள்ளைகூட ஈறால் நறுக்கென்று கடிக்கும். மூக்கடைப்பும் உண்டு. மூச்சு விட வழியில்லாமல் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும், பிடி நழுவும், கடிக்கும். சளி பிடித்த நாளில் மட்டும் கடித்தால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், பால் கொடுக்கும் முன் மூக்கில் உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து இரண்டு சொட்டு விட்டு, கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

பால் மெதுவாக வந்தாலும் சில பிள்ளைகள் பொறுமை இழந்து இழுத்துக் கடிக்கும். பீடிங் பாட்டில் பழகிய பிள்ளை ரப்பர் நிப்பிளை மெல்லுகிற மாதிரியே இங்கேயும் மெல்லும். அப்புறம், கவனம். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறீர்கள், அது உங்கள் முகத்தைப் பார்க்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. ஒரு கடி கடித்தால் உடனே அம்மா தன்னைப் பார்க்கிறாள் என்று கற்றுக்கொள்ள அதற்கு இரண்டு நாள்கூட ஆகாது. இதைச் சொல்லி யாரையும் குற்ற உணர்ச்சியில் தள்ள எனக்கு விருப்பமில்லை, நாளுக்குப் பத்து முறை பால் கொடுக்கும் அம்மா போனைப் பார்க்காமல் சுவரையா பார்த்துக்கொண்டிருப்பாள்? கடிக்கும் அந்த ஒரு வாரம் மட்டும் போனைத் தள்ளி வையுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

கடிக்கப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தாடையையும் காதுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னத் தசையையும் பாருங்கள். பால் இறங்கும்போது தாடை ஆழமாக, ஒரே தாளத்தில் அசையும், இரண்டு மூன்று சப்புக்கு ஒரு முறை "க்ளுக்" என்று விழுங்கும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தாளம் சிறுத்துக்கொண்டே வரும், விழுங்குவது நிற்கும், நுனி உதட்டால் படபடவென்று சப்பும். அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம் வரும். நாக்கு உள்ளே போவது உங்களுக்கே தெரியும், அதுவரை மெத்தென்று இருந்த இடத்தில் திடீரென்று கீழ்ப்பல்லின் விளிம்பு படும். சில பிள்ளைகள் அந்த நேரத்தில் கண்ணை உயர்த்தி உங்களைப் பார்க்கும், என் பையன் கால் கட்டைவிரலை விறைப்பாக நீட்டுவான். அந்த நிறுத்தத்துக்கும் கடிக்கும் நடுவே இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். அதற்குள் சுண்டுவிரலை வாயின் ஓரமாக விட்டு ஈறுகளுக்கு நடுவே கொடுத்து எடுத்துவிட வேண்டும்.

முதல் நாலைந்து நாள் நான் கடிகாரத்தைப் பார்க்காமல் அவன் தாடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கும் சத்தம் நின்றதும் எடுத்துவிடுவேன், அழுதால் அடுத்த பக்கம் கொடுப்பேன், குடித்தால் குடிக்கட்டும், விளையாடினால் இறக்கிவிடுவேன். ஒரு வாரத்தில் கடி அநேகமாக நின்றே போனது.

கடித்துவிட்டு விடவே மாட்டேன் என்கிறதே, அந்த நேரத்தில் என்ன செய்வது?

இழுக்காதீர்கள். வலியில் கை தன்னாலே பிள்ளையைப் பின்னால் இழுக்கும், அப்படி இழுத்தால்தான் தோல் கிழிகிறது. கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நேர் எதிராகச் செய்யுங்கள்: பிள்ளையின் முகத்தை மார்போடு லேசாக அணைத்துக்கொள்ளுங்கள். மூக்கு கொஞ்சம் அழுந்தியதும் மூச்சுக்காக அதுவே வாயைத் திறந்துவிடும். ஒரு நொடிதான், அழுத்திப் பிடித்து வைக்கக் கூடாது. அதே நேரத்தில் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்துவிடுங்கள். கையால் மூக்கைப் பிடிப்பது வேண்டவே வேண்டாம்.

எடுத்ததும் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "கடிச்சா அம்மாவுக்கு வலிக்கும்" என்று சொல்லி மார்பை மூடிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டால் கொடுக்கலாம். கடித்தால் பால் போய்விடும் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், மற்றதை அது தானே புரிந்துகொள்ளும். சிரித்துவிடாதீர்கள். ஒரு தடவை நான் வலியிலும் சிரித்துவிட்டேன், அதற்கப்புறம் இரண்டு நாள் அதை அவன் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டான்.

கன்னத்தில் லேசாகத் தட்டினால் நின்றுவிடும் என்கிறார்களே?

தட்டாதீர்கள். எதற்காக அடி விழுந்தது என்று அந்த வயதில் புரியாது. பால் குடிக்கும் இடத்தில் பயம் வந்துவிட்டால் அடுத்த கேள்வியில் இருப்பதுதான் நடக்கும்.

நான் வலியில் கத்திவிட்டேன். அதிலிருந்து பாப்பா மார்பைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள்.

இது நிறையப் பேருக்கு நடக்கிறது, உங்கள் தவறு இல்லை. யாராக இருந்தாலும் அப்படிக் கடித்தால் கத்தத்தான் செய்வோம். பிள்ளை பயந்துபோயிருக்கிறது. பாலை வெறுக்கவில்லை, பாலை மறந்துவிடவும் இல்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

அதுவரை வற்புறுத்தி வாயில் திணிக்காதீர்கள். மேல் சட்டை இல்லாமல் பிள்ளையை நெஞ்சோடு போட்டுக்கொண்டு சும்மா இருங்கள். முழித்திருக்கும்போது மறுக்கும் பிள்ளை அரைத்தூக்கத்தில் குடிக்கும், தூளியில் புரண்டு சிணுங்கும்போது தூக்கிக் கொடுத்துப் பாருங்கள். இருட்டு அறை, மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாத இடம் நல்லது. நடந்துகொண்டே கொடுத்தால் சில பிள்ளைகள் வாய் வைக்கும். குடிக்காத நேரத்துக்கெல்லாம் கையால் பாலைப் பீய்ச்சி எடுத்து டம்ளரிலோ பாலாடையிலோ கொடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். சிறுநீர் போவது குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். கத்தவே இல்லை, காரணமில்லாமல் மறுக்கிறது என்றாலும் காட்டுங்கள், காதுவலியோ வாய்ப்புண்ணோ இருக்கலாம்.

கடித்த இடம் புண்ணாகி ரத்தம் வந்துவிட்டது. கொடுக்கலாமா?

தாங்க முடிந்தால் கொடுக்கலாம். பாலோடு கொஞ்சம் ரத்தம் போனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, கக்கும்போது சிவப்பாகவோ மலம் கருத்தோ வந்தால் பயந்துவிட வேண்டாம். ஒரே விதிவிலக்கு: அம்மாவுக்கு எச்ஐவியோ ஹெபடைடிஸ் சி தொற்றோ இருந்தால், காம்பில் ரத்தம் வரும்போது டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

வலி குறைவான பக்கத்தை முதலில் கொடுங்கள். கடிபட்ட பக்கம் பிள்ளையைப் பிடிக்கும் நிலையை மாற்றுங்கள், வழக்கமாக மடியில் குறுக்காகப் போட்டுக் கொடுப்பவர் கக்கத்தின் அடியில் பிள்ளையை வைத்துக் கொடுத்தால் பல் படும் இடம் மாறிவிடும். வாய் வைக்கவே முடியாத அளவு வலித்தால் ஒன்றிரண்டு நாள் அந்தப் பக்கம் கையால் பீய்ச்சி எடுத்துவிடுங்கள், பாலைத் தேங்க விடக் கூடாது. புண்ணை நாளுக்கு ஒரு முறை மிதமான சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவி, பால் கொடுத்த பிறகு கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காற்றாட விடலாம். சுத்தமான லனோலின் களிம்பும் போடலாம். மஞ்சளை அரைத்துப் பூசச் சொல்வார்கள், நான் பூசவில்லை, திறந்த புண்ணில் எதையும் அரைத்துப் பூச எனக்குத் துணிச்சல் வரவில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், அது பால் கொடுப்பவர்களுக்கு ஆகும்.

மார்பில் ஒரு பக்கம் சிவந்து சூடாகி, தொட்டால் வலித்து, உங்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அப்போதும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றவை இருக்கின்றன, "பால் கொடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள்.

கடிக்கவில்லை. ஆனால் குடித்து முடித்ததும் மேலே பல் தடம் பதிந்திருக்கிறது, எரிகிறது.

மேல்பல் வந்த புதிதில் இது வரும். மேல்பல்லை மூட நாக்கு கிடையாது, அதனால் தடம் லேசாகப் பதியும். வாயை நன்றாக அகலத் திறந்து கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகும்படி பிடிக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்த பிள்ளை, தானாகவே வந்து குடிக்கிறது என்று நாம் பிடியைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறோம், அது தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். மூக்கு காம்புக்கு நேராக, தாடை மார்பில் புதைந்து, வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும். இன்னொன்று: சாப்பாடு ஊட்டிய உடனே பால் கொடுத்தால் வாயில் ஒட்டியிருக்கும் பருக்கை உரசும், உப்பு எரியும். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

ஈறு அரிப்புக்கு என்ன கொடுக்கலாம்?

பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் கடிக்க ஏதாவது கொடுத்துவிடுங்கள், ஆசை தீரக் கடித்துவிட்டு வரட்டும். சுத்தமான வெள்ளைத்துணியை நனைத்து பிரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) கொஞ்ச நேரம் வைத்து எடுத்துக் கொடுத்தால் நன்றாகக் கடிக்கும். குளிர்ந்த எவர்சில்வர் ஸ்பூனின் பின்பக்கத்தை ஈறில் வைக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு விரலால் ஈறை அழுத்தித் தேய்த்துவிட்டால் என் பையன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடப்பான்.

கேரட் துண்டு வேண்டாம், பல் வந்த பிள்ளை அதை உடைத்துத் தொண்டையில் சிக்க வைத்துக்கொள்ளும். ரஸ்க்கும் வேண்டாம், அதில் இருக்கும் சர்க்கரை பல்லில் ஒட்டும். வசம்பு வளையலைக் கடிக்கக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம், மணி கழன்று தொண்டைக்குள் போனால் என்ன செய்வது? வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதையும் குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மரத்துப்போக வைக்கும் ஜெல்லும் வேண்டாம். பென்சோகெய்ன் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பூசக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது, அது ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே கெடுத்துவிடக்கூடும். பூசிவிட்டு உடனே பால் கொடுத்தால் பிள்ளையின் நாக்கும் உங்கள் காம்பும் மரத்துப்போய் இன்னும் மோசமாகத்தான் பிடிக்கும்.

பல் முளைத்தால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும்தானே?

எச்சில் வடியும், சிணுங்கும், ராத்திரி எழுந்திருக்கும், உடம்பு லேசாக வெதுவெதுப்பாகலாம். ஆனால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சலுக்கும் தண்ணியாகப் போவதற்கும் பல் காரணம் இல்லை. கருவில் இருந்தபோது அம்மாவிடமிருந்து வாங்கி வந்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாதத்தை ஒட்டித்தான் தீர்கிறது, அதே நேரத்தில்தான் பிள்ளை தவழ்ந்து போய்ச் செருப்பு முதல் சாவி வரை எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது. பல் மேல் பழியைப் போட்டுவிட்டு வயிற்றுப்போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு நீர்ச்சத்து வற்றிவிடும். ஓஆர்எஸ் கொடுங்கள், பாலை இன்னும் அடிக்கடி கொடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நடு ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

ராத்திரி பால் கொடுத்தால் பல் சொத்தையாகும் என்று டென்டிஸ்ட் நிறுத்தச் சொல்கிறார்.

இதை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது, சொன்னதும் பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு வயதுக்குள் தாய்ப்பால் குடிப்பது பல்லுக்கு நல்லது. ஒரு வயதுக்கு மேல், ராத்திரியில் திரும்பத் திரும்பக் குடிக்கும் பிள்ளைகளுக்குச் சொத்தை கூடுதலாக வருவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பகலில் என்ன சாப்பிட்டார்கள், ராத்திரி படுக்கும் முன் பல் துலக்கினார்களா என்பதும் அதில் கலந்திருக்கிறது, பாலை மட்டும் தனியாகப் பிரித்துக் குற்றம் சொல்வது கடினம். பாட்டிலும் மார்பும் ஒன்று அல்ல என்பதையும் பாருங்கள். பாட்டில் நிப்பிளிலிருந்து சப்பாவிட்டாலும் சொட்டும், முன்பற்களைச் சுற்றி ராத்திரி முழுக்கப் பால் தேங்கும். மார்பில் சப்பினால்தான் பால் வரும், அதுவும் வாயின் பின்பக்கம் வந்து நேரே விழுங்கிவிடும். பல்லில் பிஸ்கெட் மாவும் சர்க்கரையும் ஒட்டியிருக்கும்போது மேலே பாலும் சேர்ந்தால் கிருமிக்கு விருந்துதான்.

அதனால் செய்ய வேண்டியது பல்லைத் துலக்குவது. முதல் பல் வந்த நாளிலிருந்தே, காலையும் ராத்திரியும், சின்ன மெத்தென்ற பிரஷில் ஒரு அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட். மூன்று வயது வரை அரிசி அளவு போதும், அப்புறம் பட்டாணி அளவு. (தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் இருக்கும் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் பேஸ்ட் பற்றிப் பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு துலக்கிவிட்டால் அதற்கப்புறம் பால் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. உங்கள் வாயில் வைத்த ஸ்பூனால் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள், சொத்தையை உண்டாக்கும் கிருமி பெரியவர்களின் எச்சில் வழியாகவும் போகும். வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளைத் தழும்பு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம், அந்தக் கட்டத்தில் போனால் பல் டாக்டரால் தடுக்க முடியும். எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. ஏற்கெனவே சொத்தை விழுந்த பிள்ளை என்றால் ராத்திரிப் பாலை மெல்லக் குறைக்கும்படி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், பகல் பாலைத் தொடரலாம்.

பல் வந்த பிறகு பாலில் சத்தே இல்லை, வெறும் தண்ணி என்கிறார் அத்தை.

அத்தை அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் பாதியோ அதற்கு மேலோ, ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை மூன்றில் ஒரு பங்கு தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அத்தை சொல்வதில் உண்மையும் ஒன்று உண்டு: ஆறு மாதத்துக்குப் பிறகு பால் மட்டும் போதாது, முக்கியமாக இரும்புச்சத்து போதாது. கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், மசித்த முட்டை, கீரை, ஈரல் என்று தொடங்கிவிட வேண்டும். உடம்பு சரியில்லாமல் சோற்றைத் தொடாத நாளில் என் பையன் பாலை மட்டும் குடித்தே தேறி வந்திருக்கிறான். அதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் தண்ணி என்று சொல்லவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய வாரத்திலிருந்துதான் கடி ஆரம்பித்தது.

இந்தியச் சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் பேறுகால விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். சரியாகப் பல் முளைக்கும் மாதம். (தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021லிருந்து 12 மாதம்.) அம்மா பகல் முழுக்க இல்லை, ஈறு வலிக்கிறது, சில வீடுகளில் பாட்டிலும் புதிதாக நுழைகிறது. எல்லாம் ஒரே வாரத்தில். சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை பாய்ந்து வந்து வாய் வைத்துக் கடிக்கும். வந்ததும் புடவைகூட மாற்றாமல் கொஞ்ச நேரம் மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டு, படபடப்பு அடங்கியதும் பால் கொடுத்துப் பாருங்கள். வேலை இடத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்தால் சுரப்பு குறையாது, மெதுவாக வருகிறதே என்ற கோபமும் பிள்ளைக்கு இருக்காது. பகலில் பாட்டிலுக்குப் பதிலாக டம்ளரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சட்டப்படி பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா நாளுக்கு நாலு முறை அங்கே போய் வரலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. எழுதிக் கேளுங்கள்.

மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாமே?

என் தம்பி நன்றாக இருக்கிறான். சில பிள்ளைகளுக்கு மேல்பல் முதலில் வரும், அவ்வளவுதான்.

எல்லாம் சரி, எனக்கு முடியவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.

நிறுத்தலாம். அது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு, யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடிபட்ட அன்றைக்கே, அழுதுகொண்டே முடிவெடுக்காதீர்கள் என்பது மட்டும்தான் நான் கேட்பது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, அப்போதும் அதே எண்ணம் இருந்தால் செய்யுங்கள்.

வேப்பெண்ணெயைத் தடவி மறக்கடிப்பதை மட்டும் செய்யவே வேண்டாம். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய்க் குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததும் உயிர் போனதும் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. கற்றாழை, மிளகாய் எதுவும் வேண்டாம். நேற்று வரை இனித்த இடம் இன்று கசக்கும்போது பிள்ளையின் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன், மூத்தவளுக்குத் தடவியது கற்றாழைதான்.

ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக் காய்ச்சல் வரும். பிள்ளை அதிகம் தேடாத வேளை எதுவோ, பெரும்பாலும் மத்தியான வேளை, அதை முதலில் விடுங்கள். அந்த நேரத்துக்குச் சாப்பாடோ விளையாட்டோ வெளியே தூக்கிக்கொண்டு போவதோ இருக்கட்டும். நாலைந்து நாள் கழித்து அடுத்த வேளை. மார்பு கனத்தால் கனம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி விடுங்கள். ஒரு வயதுக்குள் நிறுத்துவதென்றால் அதற்குப் பதில் என்ன பால் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ராத்திரி தூங்கப்போகும் நேரத்துப் பால் கடைசியாகப் போகட்டும், அந்த நாட்களில் அப்பாவோ பாட்டியோ பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டால் சுலபம்.

இளையவனுக்கு அந்தக் கடைசி வேளையை விட மூன்று மாதம் ஆனது. கடைசியில் ஒரு ராத்திரி வாய் வைத்து இரண்டு சப்பு சப்பிவிட்டு, "அம்மா, போதும், கதை" என்றான். அப்போது அவன் வாயில் பதினெட்டுப் பல் இருந்தது.